குஞ்சு முதல் முட்டைக்கோழி வரை: மாறும் குணத்தைப் பார்த்து வளர்க்கும் முறை

வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு பெட்டைக்கோழி வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பத்து நாள் குஞ்சு கையில் ஏறி உட்காருகிறது. ஏழாம் வாரம் அதே குஞ்சு ஆளைக் கண்டதும் வேலியோரம் ஓடுகிறது. உடனே நோய் வந்துவிட்டது, இந்த இனமே சரியில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பாதி விலைக்குக் கோழியைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு.

நான் நான்கு முறை குஞ்சு இறக்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் வேறு சில வீடுகளுக்கும் கூட இருந்து உதவியிருக்கிறேன். கோழியின் குணம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஒவ்வொரு மாற்றமும் அடுத்த வேலைக்கு நேரம் வந்துவிட்டது என்று சொல்கிற அடையாளம். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். வாரக் கணக்கு உத்தேசமானது. குஞ்சின் நடத்தைதான் சரியான கணக்கு.

1. குஞ்சுக்கு முன்னால் கூண்டு

பலரும் குஞ்சை வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு, கூண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். ஐந்தாம் வாரத்தில் பெட்டி நிறைந்துவிடும். தச்சரும் வெல்டிங்காரரும் அந்த வாரம் கிடைக்க மாட்டார்கள். நெருக்கடியில் குஞ்சுகள் ஒன்றை ஒன்று கொத்தத் தொடங்கும். எனவே இரவுக்கூண்டு தயாரான பிறகே குஞ்சுக்குச் சொல்லி வையுங்கள்.

வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரவில் அடைய 2 சதுர அடி போதும். பகலில் மேய 10 சதுர அடியாவது வேண்டும். கூண்டைச் சுற்றி அறுகோணக் கண்ணி உள்ள மெல்லிய கோழிவலை அடிக்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்குமே தவிர, நாயையோ மரநாயையோ வெளியே வைக்காது. அரை அங்குலக் கண்ணி உள்ள வெல்டிங் வலை வாங்குங்கள். கீரி மண்ணைத் தோண்டி வரும் என்பதால் வலையின் அடிப்பகுதியை ஓர் அடி ஆழம் புதைத்துவிடுங்கள். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாளும் வேண்டும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். தை பிறந்ததும் இறக்குவது எனக்கு ஒத்துவருகிறது. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஆடி, ஆவணியில் முட்டைக்கு வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் குஞ்சு இறக்குவதை நான் விட்டுவிட்டேன். ஈர உமியில் நோய் வருவதைத் தடுக்கப் படும் பாட்டில் கோழி வளர்க்கும் ஆசையே போய்விடும்.

2. எதை, எத்தனை

முட்டை மட்டும் போதும் என்றால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம், நாமக்கல் கோழி வகைகளும், ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கிராமப்பிரியாவும் ஏற்றவை. அடை உட்கார்ந்து தானே குஞ்சு பொரித்து வளர்க்க வேண்டும் என்றால் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழியை விட்டால் வேறு இல்லை. முட்டை குறைவு, ஆனால் தாய்மை அதிகம். இன்னொரு நாட்டுக்கோழியான பெருவிடை கறிக்கும் சண்டைக்கும் பேர் போனது. முதல்முறை வளர்ப்பவர் அதில் தொடங்க வேண்டாம் என்பேன்.

நாட்டுக்கோழிக் குஞ்சில் ஆண், பெண் பிரித்துத் தருவது அரிது. ஐந்து பெட்டை வேண்டும் என்றால் பன்னிரண்டு குஞ்சு வாங்குங்கள். பாதி சேவலாகும், ஒன்றிரண்டு தவறும். ஒற்றைக் குஞ்சை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். துணையில்லாத குஞ்சு நாள் முழுக்கக் கத்தும், தின்னாது, சூட்டுக்கு ஒண்டிக்கொள்ள ஆளும் இருக்காது.

3. முதல் மணி நேரம்: தண்ணீர் முதலில், தீவனம் பிறகு

பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். அதை வைத்தே இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் வந்ததும் பசிக்கும் என்று தீவனத்தைக் கொட்ட வேண்டாம். பயணத்தில் வற்றிப்போன உடம்புக்கு முதலில் தண்ணீர்தான் தேவை.

கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டரில் சிறு துண்டு வெல்லத்தைக் கரையுங்கள். ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து, அலகின் நுனியை மட்டும் ஒருமுறை நனையுங்கள். மூக்குத் துளை மூழ்கக் கூடாது. ஒரு குஞ்சு தலையை அண்ணாந்து விழுங்கிவிட்டால் மற்றவை அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தட்டு ஆழமாக இருந்தால் கூழாங்கல் போட்டு நிரப்புங்கள். இரண்டு விரல் ஆழத் தண்ணீரில் குஞ்சு மூழ்கிச் செத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று மணி நேரம் கழித்து உடைத்த மக்காச்சோளமோ குருணையோ தூவுங்கள். அடுத்த நாள் குஞ்சுத் தீவனத்துக்கு மாறலாம். அதில் புரதம் 20 விழுக்காடு அளவில் இருக்க வேண்டும். "எங்கள் பாட்டி வெறும் குருணை போட்டுத்தானே வளர்த்தார்" என்பார்கள். பாட்டியின் குஞ்சுகள் தாய்க்கோழியின் பின்னால் சுற்றி நாள் முழுக்கக் கறையானும் புழுவும் தின்றன. அட்டைப்பெட்டியில் கறையான் இல்லை.

4. முதல் மூன்று வாரம்: சூடு

அதிகம் சாவு விழுவது இந்தப் பருவத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒன்றரை அடி உயர அட்டையை வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். பன்னிரண்டு குஞ்சுக்கு மூன்று அடி விட்டம் போதும். வட்டம் எதற்கு? சதுரப் பெட்டியில் குளிரோ பயமோ வந்தால் எல்லாக் குஞ்சும் ஒரே மூலையில் முட்டிக் குவியும், அடியில் இருப்பது மூச்சுத்திணறிச் சாகும். வட்டத்துக்கு மூலை கிடையாது.

கீழே இரண்டு அங்குலம் நெல் உமி போட்டு, முதல் மூன்று நாளைக்கு அதன் மேல் செய்தித்தாளை விரியுங்கள். உமி எது, தீவனம் எது என்று குஞ்சுக்கு அப்போது தெரியாது. தாளைக் கசக்கிப் பிறகு விரியுங்கள். வழவழப்பான தாளில் கால் வழுக்கி, தொடை இரு பக்கமும் விரிந்து, குஞ்சு முடமாகிவிடும்.

சூட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு கூடாது, அது வெளிச்சம் தரும், சூடு தராது. எதிர்வீட்டு அக்கா இதைச் சொல்லியும் கேளாமல் பெரிய எல்.இ.டி. பல்பைப் பளீரென்று எரியவிட்டார். விடிந்தபோது பதினைந்தில் ஆறு விறைத்துக் கிடந்தன. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். வாங்கினால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று ராத்திரியில் பியூஸ் போகும்.

குஞ்சின் உயரத்தில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பல்பைச் சற்று உயர்த்திக் கட்டினாலே குறைந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்து கீச்சென்று உரக்கக் கத்தினால் குளிர். அட்டையோரம் ஒதுங்கி, வாய் பிளந்து, இறக்கையைத் தொங்கவிட்டால் சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. வட்டம் முழுக்கப் பரவி, மெல்லிய குரலில் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் போய்த் தூங்கலாம்.

தூங்குவதற்கு முன் ஒரு வேலை. நாலைந்து குஞ்சை எடுத்து, கழுத்துக்கு அடியில் மார்பின் வலப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். இரைப்பை சிறு கோலிக்குண்டு போல், மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். வெறுமையாக இருக்கும் குஞ்சைத் தனியே பிடித்துத் தண்ணீர் காட்டித் தின்ன வையுங்கள். காலையில் சாகும் குஞ்சை முந்திய இரவே கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பின்துளையில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், தோல் கிழியும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தெடுங்கள்.

இந்தப் பருவத்தின் குணம் நம்மை ஏமாற்றிவிடும். ஓடிக்கொண்டிருந்த குஞ்சு நின்ற இடத்திலேயே கண் செருகித் தூங்கி விழும். செத்துவிட்டது என்று பதறுவீர்கள். தொட்டால் எழுந்து ஓடும். அதுதான் இயல்பு. கையை வைத்தால் மொத்தக் கூட்டமும் ஏறிக்கொள்ளும். அந்தக் கை அவற்றுக்குத் தாயின் சூடு. உங்கள் மேல் தனிப்பாசம் என்று எண்ணிக் கண்கலங்க இன்னும் நாள் இருக்கிறது.

5. ஊசியும் சொட்டு மருந்தும்

வெள்ளைக்கழிச்சல் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் கோழி மிஞ்சாது. மருந்து கிடையாது, முன்கூட்டித் தடுப்பதுதான் வழி. பொதுவான வரிசை இது: 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, இரண்டாம் வாரக் கடைசியில் கம்போரோ நோய்க்குச் சொட்டு, நான்காம் வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கு இரண்டாம் தடவை, ஆறேழு வாரத்தில் அம்மைக்கு, எட்டாம் வாரம் இறக்கையில் கழிச்சல் ஊசி. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டி, நாட்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் மாசி வாக்கில் கால்நடைப் பராமரிப்புத் துறை இலவச முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளை அங்கே கொண்டுபோகலாம்.

கொல்லையில் வளர்ப்பவருக்கு உள்ள தொல்லை, மருந்துக் குப்பி நூறு கோழிக்குக் குறைந்து வருவதில்லை என்பது. கலக்கியபின் இரண்டு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரே காலையில் போட்டுவிடுங்கள். ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் எடுத்து வரவேண்டும். சட்டைப்பையில் போட்டு வெயிலில் வண்டி ஓட்டிவந்தால் அது மருந்தல்ல, வெறும் தண்ணீர். சோர்ந்திருக்கும் குஞ்சுக்கு அன்று போடாதீர்கள். எட்டாம் வார ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுவது நல்லது. புழு இருக்கும் உடம்பில் ஊசி சரியாகப் பிடிக்காது.

6. கையைப் பழக்குதல்: இரண்டாம் வாரமே செய்ய வேண்டியது

பின்னால் கோழியைத் தூக்கிப் பேன் பார்க்க, காயத்துக்கு மருந்து போட, முட்டைக்கு வந்துவிட்டதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கான பழக்கத்தை முதல் மூன்று வாரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். பயம் நுழைந்த பிறகு தொடங்கினால் பத்து மடங்கு உழைப்பு.

நாளொன்றுக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம் போதும். கையை மேலிருந்து இறக்காதீர்கள்; பக்கவாட்டில் தரையோடு நீட்டுங்கள். மேலிருந்து வரும் நிழல் குஞ்சுக்குப் பருந்து. அதைக் கற்றுத்தர யாரும் தேவையில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் அவித்த முட்டையை உதிர்த்து வைத்து அசையாமல் இருங்கள். முதல் நாள் ஒன்று வரும், மூன்றாம் நாள் தள்ளுமுள்ளு நடக்கும். தீனி போடும்போது ஒரே சத்தம் கொடுங்கள். எங்கள் வீட்டில் "பா... பா... பா..." என்போம், அதோடு தகர டப்பாவைத் தட்டுவோம். இந்தச் சத்தம்தான் பிற்பாடு மாலையில் அவற்றைக் கூண்டுக்கு அழைக்கும் கயிறு.

ஒரு எச்சரிக்கை: கூட்டத்திலேயே துணிச்சலாக முதலில் வந்து கையைக் கொத்தும் குஞ்சு எல்லோருக்கும் செல்லமாகிவிடும். பெரும்பாலும் அது சேவல். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தோளில் வைத்துச் சுற்றிய குஞ்சு, ஐந்தாம் மாதம் அதே பிள்ளையின் கெண்டைக்காலில் முள்ளால் அடித்துத் தையல் போட வைத்தது. மனிதனுக்குப் பயப்படாத சேவல் மனிதனையும் இன்னொரு சேவலாகவே பார்க்கும். சேவல் என்று தெரிந்தபிறகு கொஞ்சுவதை நிறுத்திவிடுங்கள்.

7. நான்கு முதல் எட்டு வாரம்: பயந்த பருவம்

பஞ்சு உதிர்ந்து இறகு முளைக்கும். பாதி மொட்டை, பாதி இறகு, நீண்ட கழுத்து. பார்க்க அழகாகவே இருக்காது. குணமும் அப்படியே. கையில் ஏறியவை சிதறி ஓடும், தட்டு விழுந்தால் கூரைக்குப் பறக்கும். இறக்கை வலுத்து, ஓடித் தப்பிக்கும் திறன் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்திப் பார்க்கிறது. காட்டில் தாயைவிட்டுப் பிரியும் வயதும் இதை ஒட்டித்தான். துரத்திப் பிடித்துப் பழக்க முயல்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. துரத்தும் ஒவ்வொரு முறையும் அதன் பயம் சரி என்று நீங்களே மெய்ப்பித்துக் காட்டுகிறீர்கள்.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, உடம்பு முழுக்க இறகு மூடியதும் பல்பை நிறுத்திக் கூண்டுக்கு மாற்றுங்கள். மாற்றிய முதல் நான்கைந்து நாள் வெளியே விடாதீர்கள். அடைய வேண்டிய இடம் எது என்று மனத்தில் பதிந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். முதல் நாளே திறந்துவிட்டவர்கள் ராத்திரி டார்ச் வைத்துக்கொண்டு முருங்கை மரத்தில் தேடுவார்கள்.

இரண்டாவது, கூண்டுக்குள் ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு அங்குலக் கனமுள்ள மரக்கொம்பு ஒன்றைக் கட்டுங்கள். முனை மழுங்கியிருக்கட்டும். பி.வி.சி. குழாய் வழுக்கும். கோழி உயரத்தில் அடைந்தால்தான் நிம்மதியாகத் தூங்கும், எச்சத்தில் படுக்காது. பழகாதவற்றை இருட்டியபிறகு தூக்கிக் கொம்பில் வையுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் முரண்டு பிடிக்காது. மூன்று நாளில் தானே ஏறும்.

மூன்றாவது, வெளியே விடும் நேரம். முதல் வாரம் மாலை ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள். பசியோடு வெளியே வரும், இருட்டப்போவதால் தானே உள்ளே போகும். உள்ளே போனதும் தீனி. காலையில் விட்டால் பகல் முழுக்கப் பருந்துக்கும் பூனைக்கும் நீங்கள் காவல் நிற்க வேண்டும்.

இந்த வாரங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய, நீண்ட ஒற்றை இழுப்பு எழுந்து எல்லாம் உறைந்து நின்றால் ஆபத்து வானத்தில். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்ப்பதைக் காணலாம். "கொக் கொக் கொக்" என்று விடாமல் அடித்துக்கொண்டு நிமிர்ந்தால் தரையில் நாயோ பாம்போ இருக்கிறது. முதல் வகைக்கு நான் அண்ணாந்து பார்க்கிறேன், இரண்டாவதற்குக் கம்பை எடுக்கிறேன். இதுவரை தவறியதில்லை.

எச்சத்தில் ரத்தம் தெரிந்து, இறகு சிலிர்த்து, கண் மூடி நின்றால் அது பயந்த குணமல்ல, ரத்தக்கழிச்சல். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்கு அதிகம் வரும். ஈர உமியில்தான் இது பெருகிப் பரவும். அன்றே உமியை மாற்றி, அன்றே மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்குக் குஞ்சு இருக்காது.

8. எட்டு முதல் பதினைந்து வாரம்: யார் பெரியவள்

சின்னதிலேயே மார்போடு மார்பு மோதி விளையாடியவை இப்போது உண்மையாகவே கொத்தும். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் ஓர் இடம் உறுதியாகிறது. மேலே இருப்பவள் முதலில் தின்பாள், கொம்பில் நல்ல இடத்தில் அடைவாள். கீழே இருப்பவள் காத்திருப்பாள். இதில் நீங்கள் நியாயம் பேசப் போகாதீர்கள். அடிபடும் கோழியைத் தூக்கித் தனியே வைத்து ஊட்டினால், இரண்டு வாரம் கழித்துத் திரும்பும்போது அது புதிய கோழி. மொத்தக் கூட்டமும் அதை மறுபடி முதலிலிருந்து அடிக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது இடத்தைப் பெருக்குவது. தீனித்தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள். ஒரு சாய்ந்த பலகை, இரண்டு காலிப் பெட்டி போட்டால் ஓடி ஒளிய இடம் கிடைக்கும். புழுதியில் புரள, மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழி ஒன்றும் வேண்டும். பேனும் போகும், சண்டைக்கும் நேரம் குறையும்.

தலையிடும் எல்லை ரத்தம். சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழியும் அங்கேயே கொத்தும், சாகும்வரை விடாது. உடனே பிரித்து, காயத்தைக் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, மற்றவை பார்க்கும்படி வலைக்கு இந்தப் பக்கம் வையுங்கள். காய்ந்ததும் சேர்த்துவிடலாம். இறகைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் பரவினால் மூன்றைச் சந்தேகியுங்கள்: இடநெருக்கடி, புரதக் குறைவு, புழுக்கம்.

சேவல் எது என்பது இப்போது ஐயமில்லாமல் தெரியும். கொண்டை முன்பே சிவந்திருக்கும், முதுகின் கடைசியில் கூரிய நீண்ட இறகுகள் தொங்கும். முட்டை இடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். ஐந்துக்கு இரண்டு வைத்தால் பெட்டைகளின் முதுகில் இறகே மிஞ்சாது.

அமைதியாக, எதற்கும் முந்தாமல், ஓரமாக நிற்கும் பெட்டையை வீணானது என்று இந்த வயதில் விற்பவர்கள் உண்டு. எங்கள் செவலை அப்படித்தான் இருந்தாள். பதினான்காம் வாரம் வரை என் நிழல் பட்டாலே கத்திக்கொண்டு ஓடுவாள். வாங்க வந்தவர் எடை போதாது என்று விட்டுப் போனார். அவர் செய்த நன்மை.

9. பதினாறு வாரத்துக்குப் பிறகு: முட்டைக்குத் தயாராகும் விடைக்கோழி

இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே கோழி வளர்க்கலாம். முகமும் கொண்டையும் வெளிறிய நிறத்திலிருந்து சிவக்கும். விலகி ஓடியவள் பின்னாலேயே வருவாள். மூலை முடுக்கில் தலையை விட்டுப் பார்ப்பாள், விறகடுக்கின் சந்தில் உட்கார்ந்து எழுவாள், காரணமில்லாமல் கேறிக்கொண்டே திரிவாள். பிறகு ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் போனால் ஓடாமல் காலை மடக்கி, இறக்கையைச் சற்று விரித்து, தரையோடு குந்துவாள். சேவலுக்கு இணங்கும் நிலை அது. சேவல் இல்லாவிட்டால் உங்களுக்குக் காட்டுகிறாள். முதல் முட்டைக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம்தான்.

இருபத்து நான்காம் வாரம் ஒரு காலை, தண்ணீர் மாற்றக் குனிந்தபோது செவலை என் பாதத்தின் மேல் வந்து குந்தினாள். முதுகைத் தடவினேன், இறகு சூடாக இருந்தது, ஓடவில்லை. ஒன்பதாம் நாள் முதல் முட்டை.

உறுதிசெய்ய வேண்டுமானால் கோழியைத் தூக்கி, பின்துளைக்குக் கீழே இரு பக்கமும் உள்ள எலும்பு முனைகளைத் தடவுங்கள். இடையில் ஒரு விரல் நுழைந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் நெருங்கிவிட்டது. நாட்டுக்கோழிக்கு இது ஆறு மாதம் வரை ஆகலாம். அவசரப்படாதீர்கள்.

முட்டைப்பெட்டி குந்துவதற்கு முன்பே இருக்க வேண்டும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், மங்கிய வெளிச்சம், வைக்கோல் மெத்தை. நான்கைந்து கோழிக்கு ஒன்று. கொம்பைவிடத் தாழ்வாக வையுங்கள், இல்லையென்றால் பெட்டியிலேயே அடைந்து எச்சமிடும். உள்ளே ஒரு பொய்முட்டை போட்டால் இடம் இதுதான் என்று புரிந்துகொள்ளும். முதல் முட்டையை விறகடுக்கில் இட்டுவிட்டால் அடுத்தடுத்தும் அங்கேதான்.

தீவனத்தையும் இப்போதுதான் மாற்ற வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 விழுக்காடு அளவில் இருக்கும். சீக்கிரம் முட்டை வரட்டும் என்று இதைப் பத்து வாரத்திலேயே கொடுப்பவர்கள் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறார்கள். கொண்டை சிவந்த பிறகு மாற்றுங்கள். தனித் தட்டில் கிளிஞ்சல் தூள் வைத்தால் வேண்டியது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு, மழையில் நனைந்த சோளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

முதல் சில முட்டை சின்னதாக, ஓடு மெலிந்து, சிலசமயம் மஞ்சள் கருவே இல்லாமல் வரும். கவலை வேண்டாம். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதனால் இடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், ஒரு நாள் விட்டுப்போகும். கோழி ஏமாற்றவில்லை.

10. அடை: பசு புலியாகும் காலம்

நேற்றுவரை மடியில் உட்கார்ந்தவள் பெட்டியை விட்டு எழ மாட்டாள். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து, உறுமி, கொத்துவாள். அடிவயிற்று இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் எழுந்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சமிட்டு, தின்று, திரும்பி ஓடுவாள். அவளைத் திட்டிப் பயனில்லை. உடம்பில் சுரக்கும் நீர் அப்படி.

குஞ்சு வேண்டுமென்றால் சேவலோடு சேர்ந்த முட்டையில் பத்துப் பன்னிரண்டு எடுத்து ராத்திரியில் வைத்துவிடுங்கள். 21 நாள். ஏழாம் நாள் டார்ச் அடித்து நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடலாம். மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே அடை வையுங்கள். திரும்பிக் கூட்டத்தில் சேரும்போது சண்டை குறையும். குஞ்சோடு இருக்கும் தாய் நாயைக்கூடப் பாய்ந்து விரட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அதே தாய் தன் குஞ்சுகளையே கொத்தித் துரத்தும். அப்போது சமாதானம் செய்யாதீர்கள். அவள் அடுத்த முட்டைக்குத் தயாராகிறாள்.

குஞ்சு வேண்டாமென்றால் அடையைத் தெளிவிக்க வேண்டும். மூக்கில் இறகு குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் இன்னும் நடக்கிறது. வதைதான் மிச்சம். அடியில் காற்று புகும் கம்பிக்கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிறு குளிர்ந்தால் அடை தெளியும்.

11. புதுக்கோழி சேர்ப்பது

இரண்டு வாரம் தனியே, தூரத்தில் வையுங்கள். நோயை வாங்கி வராமலிருக்க. பிறகு ஒரு வாரம் வலைக்கு இருபுறமும். அதன் பிறகு ஒரு ராத்திரி கொம்பில் ஏற்றிவிடுங்கள். ஒன்றாக அல்ல, இரண்டாகச் சேருங்கள், அடி பங்காகும்.

12. இறகு உதிரும்போது

ஒன்றரை வயதை ஒட்டி முதல் பெரிய உதிர்வு வரும். கூண்டில் இறகு குவியும், முட்டை நிற்கும், கொஞ்ச வந்தவள் ஒளிவாள். வயதாகிவிட்டது என்று குழம்புக்கு அனுப்பிவிடுபவர்களே அதிகம். புதிதாக முளைக்கும் குருத்தில் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். அதனால்தான் விலகுகிறாள். தூக்காதீர்கள். இறகு புரதத்தால் ஆனது. கறையான், கருவாட்டுத் தூள், ஊறவைத்த பயறு எதையாவது கூட்டிப் போடுங்கள்.

செவலை ஐப்பசியில் உதிர்க்கத் தொடங்கி, கார்த்திகை முழுக்க முள்ளம்பன்றி போல் விறகடுக்கின் பின்னால் கிடந்தாள். டப்பாவைத் தட்டினால் மற்றவை தின்று முடித்தபிறகுதான் வந்தாள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டை மறுபடி சிவந்திருந்தது. தண்ணீர் மாற்றக் குனிந்தேன், காலடியில் வந்து குந்தினாள். அன்று மாலையே முட்டைப்பெட்டியின் பழைய வைக்கோலைக் கொட்டிவிட்டுப் புதியதை வைத்தேன்.